பெர்னடெற் டெவ்லினுக்கு 22 வயதுக்குப் பிறகும் வாழ்க்கை இருந்தது

வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் பொக்சைட் என்றொரு பகுதி இருக்கு. அங்குள்ள வீட்டுச் சுவர்களில் ஆளுயரத்தை விடப் பல மடங்கு பெரிய ஓவியங்கள். 1996இல் வரைந்த ஒன்றில் ஒரு இளம் பெண் கையில் ஒலிபெருக்கியோடு நிற்கிறார். இன்னொரு பெண் குப்பைவாளி மூடியைத் தரையில் அடிக்கிறார். படையினர் வருகிறார்கள் என்று அயலுக்கு அறிவிக்கிற முறை அது. ஒலிபெருக்கியோடு நிற்பவர் பெர்னடெற் டெவ்லின். படம் காட்டுகிற நாளில் அவருக்கு வயது 22.

எங்களில் கனபேருக்கு அவரைத் தெரியவந்ததே இந்தப் படத்தாலதான். "இளைஞர்கள் அரசியலுக்கு வரவேணும்" என்று யாராவது எழுதும்போது உதாரணத்துக்கு இழுக்க வசதியான ஆள்: 21 வயது, கம்பஸ் மாணவி, பாராளுமன்ற உறுப்பினர். உண்மையாச் சொன்னா நாங்களும் அப்படி ஒரு கட்டுரை எழுதத்தான் வெளிக்கிட்டனாங்கள். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் வந்தது. 1947இல் பிறந்து, எழுபது வயதைத் தாண்டியும் மேடைகளில் பேசிக்கொண்டிருந்த ஒரு மனுஷியை எல்லாரும் ஏன் 1969இலேயே நிறுத்தி வைத்திருக்கிறம்?

முதலில் அந்த 1969 வரைக்கும் வருவோம், அது தெரியாமல் மிச்சம் விளங்காது.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவோடு நின்றுவிட்டன. அதற்கென்று ஸ்ரோர்மொன்றில் தனிப் பாராளுமன்றம். அதை 1972 வரைக்கும் ஒரே கட்சி, யூனியனிஸ்ற் கட்சி, இடைவிடாமல் ஆண்டது. புரட்டஸ்தாந்துக்காரர் பெரும்பான்மை, கத்தோலிக்கர் சிறுபான்மை. உள்ளூராட்சித் தேர்தலில் எல்லாருக்கும் வாக்கில்லை. வீட்டுக்கு வரி கட்டுகிறவருக்கும் அவருடைய துணைக்கும்தான் வாக்கு. அப்பா அம்மாவோட இருக்கிற பிள்ளைக்கும், வாடகைக்கு ஒரு அறையில் இருக்கிறவருக்கும் கிடையாது. கொம்பனி வைத்திருந்தால் மேலதிக வாக்குகள்கூட உண்டு. அரசாங்க வீடுகளைக் கொடுக்கிறதும் அதே உள்ளூராட்சி சபைதான். இப்ப கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுத்தால் இரண்டு வாக்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. ஆகவே கொடுக்கவில்லை. டெரியில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை, ஆனால் வட்டார எல்லைகளை வெட்டிக் கீறியே நகரசபையை யூனியனிஸ்றுகள் கையில் வைத்திருந்தார்கள்.

இந்த அநியாயம் தெருவுக்கு வந்தது பெரிய சித்தாந்தம் ஒன்றால் இல்லை, ஒரு வீட்டால. 1968 ஜூனில் டங்கனன் நகருக்குக் கிட்ட கலிடன் என்ற கிராமத்தில், கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்துக்கொண்டிருக்க, 19 வயதுள்ள மணமாகாத ஒரு புரட்டஸ்தாந்துப் பெண்ணுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. ஒஸ்ரின் கரி என்ற இளம் எம்.பி. அந்த வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். ஓகஸ்ட் 24ஆம் திகதி கோல்ஐலன்டில் இருந்து டங்கனனுக்கு முதலாவது சிவில் உரிமை ஊர்வலம். அதில் நடந்தவர்களில் ஒருவர் பெர்னடெற்.

அப்போது அவர் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்தார். ஊர் ரைரோன் மாவட்டத்தின் குக்ஸ்ரவுண். தச்சுவேலை செய்த அப்பா இவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது செத்துப்போனார். 19 வயதில் அம்மாவும் இல்லை. ஆறு பிள்ளைகள். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டே படித்த பெண் இவர். 'மாணவத் தலைவி' என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். எங்களுக்கு இது முக்கியமாகப்பட்டது. வீட்டுப் பிரச்சினையும் வேலைப் பிரச்சினையும் அவருக்குப் புத்தகத்தில் படித்த விசயங்கள் இல்லை.

ஒக்ரோபர் 5ஆம் திகதி டெரியில் ஊர்வலம் போனவர்களைப் பொலிஸ் தடியால் அடித்தது. தொலைக்காட்சி கமரா அங்கே இருந்தது, உலகம் பார்த்தது. நாலு நாளில் குயின்ஸ் மாணவர்கள் பெல்பாஸ்ற் தெருவில் இறங்கி, மறிக்கப்பட்டு, நடுத்தெருவில் குந்தி, அன்றிரவே 'மக்கள் ஜனநாயகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1969 புத்தாண்டு நாளில் பெல்பாஸ்ற்றில் இருந்து டெரிக்கு நடை. நாலாம் நாள் பேர்ன்ரொலெற் பாலத்தடியில் கல்லும் பொல்லுமாகக் காத்திருந்த கூட்டம் இவர்களை அடித்து நொறுக்கியது. கூடவந்த பொலிஸ் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

பிறகு இடைத்தேர்தல். மிட் அல்ஸ்ரர் தொகுதியின் யூனியனிஸ்ற் எம்.பி. இறந்துவிட்டார், அவருடைய மனைவி போட்டியிட்டார். கத்தோலிக்க வாக்குகள் பிரிந்தால் தோல்வி நிச்சயம். ஒரு பக்கம், லண்டன் பாராளுமன்றத்தில் உட்காரவே கூடாது என்கிற குடியரசுவாதிகள். மற்றப் பக்கம், போய்ப் பேசவேணும் என்கிற மிதவாதிகள். இரண்டு பகுதியும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் 'ஐக்கிய' வேட்பாளராக பெர்னடெற் வந்தார். இந்த இடத்தை நல்லா ஞாபகம் வைத்திருங்கோ. அவரை விரும்பியதால் மட்டும் தெரிவுசெய்யவில்லை. வேறு யாரையும் எல்லாருக்கும் பிடிக்காததாலும் தெரிவுசெய்தார்கள்.

ஏப்ரல் 17, 1969. வாக்களித்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். 33,648 வாக்குகள் எடுத்து 4,211 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 22ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஆக இளைய பெண் என்ற சாதனையை 2015இல் ஸ்கொட்லாந்தின் 20 வயது மைரி பிளக் வரும்வரை யாரும் தொடவில்லை. கன்னிப்பேச்சு என்றால் எல்லாருக்கும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவது அங்கே வழமை. பதவியேற்ற அன்றே எழும்பி, எதிர்க்கட்சி ஆளும்கட்சி பார்க்காமல் வெளுத்து வாங்கினார்.

இதுவரைக்கும் எல்லாருக்கும் பிடித்த கதை. இனி ஒவ்வொருத்தராகக் கழன்று போகத் தொடங்குகிறார்கள்.

முதலில் கழன்றவர்கள் அமெரிக்க ஐரிஷ்காரர். 1969 ஓகஸ்டில் பொக்சைட்டில் மூன்று நாள் சண்டை நடந்தது. பொலிஸை உள்ளே விடாமல் சனம் தடுத்தது, பெர்னடெற் கல் உடைத்துக் கொடுத்தார், ஒலிபெருக்கியோடு நின்றார். சுவரில் இருப்பது அந்த நாள்தான். உடனேயே காசு சேர்க்க அமெரிக்கா போனார். நியூயோர்க் மேயர் நகரத்தின் சாவியைக் கௌரவமாகக் கொடுத்தார். புலம்பெயர்ந்த ஐரிஷ்காரருக்குப் பெருமை தாங்கமுடியவில்லை. ஆனால் இவர் மேடையில் நின்று கறுப்பின மக்களின் உரிமையைப் பற்றியும் பேசினார். வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு நடப்பதும் இங்கே கறுப்பருக்கு நடப்பதும் ஒன்றுதான், அதைக் காணாத ஆட்கள் எனக்குக் கைதட்டவேண்டாம் என்கிற மாதிரி. மண்டபங்களில் முகங்கள் சுருங்கின. பயணத்தை இடையிலேயே முடித்துக்கொண்டார். அடுத்த வருடம் அந்தச் சாவியை ஒரு தோழர் மூலமாக நியூயோர்க்கின் பிளக் பாந்தர் அமைப்பிடம் கொடுத்தனுப்பினார்.

எங்களுக்கு அவருடைய முழு வாழ்க்கையிலும் ஆகப் பிடித்த செயல் இதுதான். கல்லெறிந்ததை விட, பிறகு வரப்போகிற அறையை விடவும். தன் சனத்துக்காகக் காசு கேட்டுப் போன இடத்தில், காசு கொடுக்க வந்தவர்களின் இனவாதத்தைப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேணும்! அதால நட்டம் தன் சனத்துக்கும்தான் என்று தெரிந்தே செய்தார். இது சரியா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. எங்கட கூட்டத்தில் ஒருவர், "பசியோட இருக்கிறவனுக்குக் காசு கொண்டு போறதுதான் முதல் வேலை, பாடம் எடுக்கிறது பிறகு" என்றார். அந்த வாதத்தையும் நாங்கள் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் ஒருமுறை வாயை மூடினால் பிறகு எப்ப திறக்கிறது?

பொக்சைட்டுக்காக ஆறுமாதத் தண்டனை வந்தது. 1970 ஜூனில் மறுபடி தேர்தலில் வென்ற கையோடு ஆர்மா சிறைக்குப் போய் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தார். சிறை அவருடைய செல்வாக்கைக் குறைக்கவில்லை. குறைத்தது வேறொன்று.

1971 ஓகஸ்டில் அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. கலியாணம் முடித்திருக்கவில்லை. அவ்வளவுதான். தடியடியும் சிறையும் பார்த்துக் கைதட்டிய அதே ஊர், தேவாலயத்துக்குப் போகிற அதே சனம், முகத்தைத் திருப்பியது. ஏற்கெனவே ஒரு யூனியனிஸ்ற் எம்.பி. அவரை மினிஸ்கேட் போட்ட பிடல் காஸ்ட்ரோ என்று நக்கலடித்திருந்தார். எதிரி உடுப்பைப் பார்த்தான், சொந்தச் சனம் வயிற்றைப் பார்த்தது. ஒருத்தர்கூட, அதே வருடம் கட்சி வைத்திருந்த ஆம்பிளைகளின் படுக்கையறையைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. கம்பஸில் ஒரு பிள்ளை மாணவர் சங்கத்துக்குப் போட்டியிட்டால், அவள் இரவு எத்தனை மணிக்கு ஹொஸ்டலுக்கு வந்தாள் என்று விசாரிக்கிற ஆட்களை எங்களுக்கும் தெரியும். இதில் நாங்கள் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையில்லாத் தடுப்புக்காவலை எதிர்த்து டெரியில் ஊர்வலம். பிரித்தானிய பரசூட் படைப்பிரிவு சுட்டதில் அன்றே 13 பேர் செத்தார்கள், காயப்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். பெர்னடெற் அங்கே இருந்தார். அடுத்த நாள் பாராளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் எழும்பி, படையினர் தற்பாதுகாப்புக்காகச் சுட்டார்கள் என்றார். அந்தச் சபையில் நடந்ததைக் கண்ணால் கண்ட ஒரே உறுப்பினர் பெர்னடெற். பேசக் கேட்டார். சபாநாயகர் விடவில்லை. நடந்து போய் அமைச்சரின் முகத்தில் ஒரு அறை விட்டார்.

வன்முறை, அநாகரிகம், பெண்பிள்ளைக்கு அழகா, எல்லாம் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் வந்த விட்ஜெரி அறிக்கை படையினரைப் பெருமளவு காப்பாற்றியது. இரண்டாவது விசாரணை 1998இல் அறிவிக்கப்பட்டு, சவில் அறிக்கை வெளியானது 2010 ஜூன் 15இல். சுடப்பட்டவர் எவரும் படையினருக்கு ஆபத்தாக இருக்கவில்லை, சூடு நியாயமில்லாதது என்று அது சொன்னது. பிரதமர் டேவிட் கமரன் அதே சபையில் நின்று மன்னிப்புக் கேட்டார். 38 வருடம். அமைச்சர் சொன்னது பொய் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ள 38 வருடம், பெர்னடெற்றுக்கு ஒரு நாள். அந்த அறையை நாங்கள் நியாயப்படுத்தவேண்டிய தேவையே இல்லை என்று நினைக்கிறம். பேச விட்டிருந்தால் அடித்திருக்க மாட்டார்.

1974 பெப்ரவரித் தேர்தலில் தோற்றார். சமூக ஜனநாயக தொழிற்கட்சி ஐவன் கூப்பரை அவருக்கு எதிராக நிறுத்தியது. வாக்குப் பிரிந்தது. இருவரின் வாக்கையும் கூட்டினால் வென்ற யூனியனிஸ்ற்றை விடப் பத்தாயிரத்தளவில் அதிகம். கூப்பரைத் துரோகி ஆக்குவது சுலபம், ஆனால் உண்மை அப்படியில்லை. அவரே ஒரு புரட்டஸ்தாந்துக்காரர், சிவில் உரிமை இயக்கத்தின் ஆரம்ப முகங்களில் ஒருவர், அந்த இரத்த ஞாயிறு ஊர்வலத்தில் முன்னின்றவர்.

இங்கே பெர்னடெற்றிலும் பிழை இருக்கு. 1970இல் ஜோன் ஹியூமும் கெரி பிற்றும் மற்றவர்களும் சேர்ந்து கட்சி தொடங்கினார்கள், கிளை கட்டினார்கள், ஆள் சேர்த்தார்கள். சலிப்பான வேலை. கூட்டக் குறிப்பு, சந்தா, வாக்காளர் பட்டியல். பெர்னடெற்றிடம் ஐந்து வருடம் ஆசனம் இருந்தது, புகழ் இருந்தது, கட்சி இருக்கவில்லை. எல்லாரும் ஏற்றுக்கொண்டதால் வந்தவர், எல்லாரும் கைவிட்டதும் போனார். தனி ஆளாக நிற்பதில் ஒரு சுத்தம் இருக்கு, அது எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் கலியாணம் கட்டாமல் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்க ஒரு அமைப்பு இருந்திருந்தால் 1974 வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

அதே வருட டிசம்பரில் அவரும் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினார், ஐரிஷ் குடியரசு சோசலிசக் கட்சி. அதே நாளில் அதன் ஆயுதப் பிரிவும் தொடங்கப்பட்டது. பிறகு அது ஐரிஷ் தேசிய விடுதலை இராணுவம் என்று பெயர் எடுத்தது. ஆயுதக்காரர் கட்சியின் கட்டுப்பாட்டுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பெர்னடெற் தரப்பு கேட்டது. அது தோற்றது. ஒரு வருடத்துக்குள்ளே வெளியேறிவிட்டார். துவக்கு அரசியலுக்குக் கீழேயா, அரசியல் துவக்குக்குக் கீழேயா என்ற கேள்வியை அவர் சரியாகத்தான் கேட்டார். ஆனால் கட்சி தொடங்குகிற நாளுக்கு முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதோடு, 1994இல் அதே ஆயுத அமைப்பின் முன்னாள் தலைவர் டொமினிக் மக்கிளிஞ்சியின் கல்லறையில் நின்று அவரைப் புகழ்ந்து பேசியதை எங்களால் ஏற்கமுடியவில்லை. அந்த மனிதரின் கையால் செத்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வெளியேறின கட்சியின் துவக்குக்கு இருபது வருடத்துக்குப் பிறகு அஞ்சலி செய்ததை எப்படி விளங்கிக்கொள்வது என்று நாங்கள் இன்னும் யோசிக்கிறம்.

இடையில் அவரையே கொல்ல வந்தார்கள். கைதிகள் உரிமைக்கான போராட்டத்தில் முன்னணியில் நின்ற காலம். அந்தப் போராட்டத்தோடு சம்பந்தப்பட்ட சிலர் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தார்கள். 1981 ஜனவரி 16 விடியப்புறம் யூனியனிஸ்ற் ஆயுததாரிகள் கோல்ஐலன்டுக்குக் கிட்ட இருந்த அவருடைய வீட்டுக் கதவை உடைத்து, அவரையும் கணவர் மைக்கல் மக்கலிஸ்கியையும் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே பலமுறை சுட்டார்கள். இராணுவ ரோந்து ஒன்று அந்த நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தது. கொலைகாரரைப் பிடித்தது, ஆனால் சூட்டுக்குப் பிறகுதான். இரண்டு பேரும் தப்பினார்கள். சில மாதத்துக்குள்ளே ஊன்றுகோலோடு, உண்ணாவிரதம் இருந்த பொபி சான்ட்ஸுக்காகத் தேர்தல் மேடையில் நின்றார். சான்ட்ஸ் ஏப்ரலில் வென்றார், மே 5இல் சிறையில் செத்தார். பெர்னடெற் அடுத்த வருடம் தெற்கே போய், டப்ளினில் பிரதமர் சார்ல்ஸ் ஹோஹியின் தொகுதியிலேயே இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றார்.

1998 உடன்படிக்கையையும் அவர் ஆதரிக்கவில்லை. இரண்டு சமூகமாகச் சனத்தைப் பிரித்து வைத்து அதிகாரத்தைப் பங்கிடுகிற ஏற்பாடு அது, ஏழைகள் ஏழைகளாகவே இருப்பார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். வடக்கில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதற்கு ஆம் என்றார்கள். சாவு நிற்கவேண்டும் என்று கேட்ட சனத்தை நாங்கள் பிழை சொல்லமாட்டம். சண்டைக்குள் பிறந்த ஒருவருக்கு அமைதி என்றால் முதலில் பிள்ளை இரவு வீட்டுக்கு வந்து சேர்வதுதான். ஆனால் பெர்னடெற் அந்த வாதத்தை வாயால் மட்டும் சொல்லவில்லை.

1997இல், டங்கனனில், சவுத் ரைரோன் வலுவூட்டல் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினவர்களில் அவர் முக்கியமானவர். பல வருடம் அதை நடத்தினார். சண்டை ஓய்ந்த பிறகு அந்தப் பக்கத்து இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வரத் தொடங்கினார்கள். போர்த்துக்கல்காரர், பிறகு லித்துவேனியர், போலந்துக்காரர். போர்த்துக்கல் கடவுச்சீட்டோடு கிழக்குத் திமோரில் இருந்தும் ஆட்கள். ஆங்கிலம் தெரியாது, சம்பளச் சீட்டு விளங்காது, ஏஜென்சி ஆளின் வீட்டில் அறைக்கு இத்தனை பேர் என்று படுக்கை, வேலை போனால் அந்தப் படுக்கையும் போய்விடும். இவர்களுக்குப் படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க, வேலைகொடுத்தவனோடு வழக்காட ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் அவர் செய்தார்.

இதற்குச் சுவரோவியம் இல்லை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா படிவம் நிரப்புவதை யார் சுவரில் வரைவான்? 2003இல் அமெரிக்கா மட்டும் அவரை இன்னும் பழைய ஆளாகவே பார்த்தது. சிக்காகோ விமான நிலையத்தில் வைத்து, பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். லீலியா டூலன் 2011இல் எடுத்த ஆவணப்படம் இந்த நீண்ட பயணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கிறது, கிடைத்தால் பாருங்கோ.

டங்கனன் என்ற பெயரை இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒருக்கா பார்த்தீர்கள். 1968 ஓகஸ்டில் வீடு கேட்டு நடந்த ஊர்வலம் போய்ச் சேரவேண்டிய ஊர். அன்றைக்கு நகரின் நடுவுக்குப் போகவிடாமல் பொலிஸ் மறித்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு அதே நகரத்தில், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரும் வீட்டுச் சொந்தக்காரராகவும் முதலாளியாகவும் இருக்க, திமோரில் இருந்து வந்த ஒருவர் தன் வீட்டுப் பிரச்சினையோட கதவைத் தட்டும்போது உள்ளே இருந்தது அதே பெண்.